பேருந்துத் தடத்தை நீட்டும்போது மக்களிடம் எதைக் கேட்க வேண்டும்?

நகரத்தில் விரைவுப் பேருந்துத் தடம் ஒன்றை நீட்டப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் சில பேச்சுகள் உடனே கிளம்பிவிடும். சாலையில் கோடு போட்டு உள்ளே பேருந்தை விடுவார்கள், வேறென்ன என்பார் ஒருவர். கருத்துக் கேட்புக் கூட்டமெல்லாம் முடிவெடுத்த பிறகு நடத்தும் சடங்கு என்பார் இன்னொருவர். பாதிப்பேர் வேண்டாம் என்று சொன்னால் நிறுத்திவிட வேண்டியதுதானே என்பார் மூன்றாமவர். மூன்று பேச்சிலுமே அடிப்படைத் தவறு இருக்கிறது. அந்தத் தவறுகளால் நல்ல திட்டங்கள் கெடுகின்றன, மோசமான திட்டங்கள் கேள்வி இல்லாமல் தப்பிவிடுகின்றன.

ஆகவே இரண்டு விஷயங்களை அடியிலிருந்து பார்ப்போம். இந்தப் பேருந்துக்கு வேகம் எங்கிருந்து வருகிறது? அதன் தடத்தை நீட்டும்போது மக்களின் கருத்து எந்த இடத்தில் உண்மையாகவே வேலை செய்கிறது? எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள யூஜீன் நகரத்தை எடுத்துக்கொள்கிறேன். பெரிய நகரம் இல்லை. ஆனால் ஒரே தடத்தை இரண்டு முறை நீட்டிய அனுபவமும், இரண்டாம் முறை ஊரே இரண்டுபட்டுச் சண்டை போட்ட அனுபவமும் அதற்கு உண்டு.

வேகம் எஞ்சினில் இல்லை

சாதாரண நகரப் பேருந்து ஒன்றில் ஏறி, அது செலவழிக்கும் நேரத்தைக் கவனித்தால் மூன்று பங்காகப் பிரியும். ஓடும் நேரம், நெரிசலிலும் சிக்னலிலும் நிற்கும் நேரம், நிறுத்தத்தில் ஆட்கள் ஏறி இறங்கும் நேரம். எஞ்சினை மாற்றினால் முதல் பங்கு மட்டுமே கொஞ்சம் குறையும். நகரத்துக்குள் நேரத்தைத் தின்பவை மற்ற இரண்டும்தான்.

அந்த இரண்டையும் குறைப்பதற்காகச் சாலை, நிலையம், சிக்னல், டிக்கெட் முறை, வண்டி எல்லாவற்றையும் சேர்த்து வடிவமைப்பதற்குப் பெயர்தான் பேருந்து விரைவுப் போக்குவரத்து. சுருக்கமாக பி.ஆர்.டி. சில நிறுத்தங்களில் நிற்காமல் ஓடும் எக்ஸ்பிரஸ் பேருந்தை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. எக்ஸ்பிரஸ் பேருந்து மற்ற வண்டிகளோடு அதே நெரிசலில்தான் நிற்கும்.

நெரிசலுக்கு மருந்து தனித்தடம், அதாவது பேருந்துக்கு மட்டுமே உரிய சாலைப் பகுதி. சிக்னலுக்கு மருந்து சிக்னல் முன்னுரிமை. பேருந்து நெருங்குவதை உணர்ந்து பச்சை விளக்கைச் சில நொடிகள் நீட்டுவது அல்லது சிவப்பைச் சற்று முன்னதாக முடிப்பது அதன் வேலை. இவ்விரண்டும் பலருக்குத் தெரிந்தவை. மூன்றாவதை, அதாவது ஏறி இறங்கும் நேரத்தை, மக்கள் குறைவாகவே எண்ணிப் பார்க்கிறார்கள். ஆனால் எனக்கு இந்த முறையிலேயே மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

ஒரு கணக்குப் போடலாம். ஒரு நிறுத்தத்தில் 15 பேர் ஏறுகிறார்கள். ஒரே வாசல், ஏறும்போதே காசு கொடுக்க வேண்டும், உயரமான படி. ஆளுக்கு 4 நொடி என்று வைத்தாலும் 60 நொடி. இப்போது டிக்கெட்டை நிலையத்திலேயே வாங்கிவிடலாம், எல்லா வாசல்களும் திறக்கும், மேடையின் உயரமும் பேருந்துத் தரையின் உயரமும் ஒன்று என்று மாற்றுவோம். அதே 15 பேர் 15 நொடியில் உள்ளே போய்விடுவார்கள். நிறுத்தத்துக்கு 45 நொடி மிச்சம். 12 நிறுத்தங்களில் 9 நிமிடம். பேருந்து மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூட வேகமாக ஓடாமலே 9 நிமிடம் கிடைத்துவிடுகிறது! சக்கர நாற்காலியில் வருபவரும், தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் தாயும் யாருடைய உதவியும் இல்லாமல் ஏறிவிடுகிறார்கள் என்பது இதோடு சேர்ந்து வரும் பலன். பிரேசிலின் குரிடிபா நகரம் 1974இல் பேருந்துகளுக்குத் தனிச்சாலை அமைத்தது. முன்கூட்டியே கட்டணம் செலுத்திச் சமதளத்தில் ஏறும் குழாய் வடிவ நிலையங்களை 1991இல் சேர்த்தது. கொலம்பியாவின் போகோட்டா 2000இல் இதே வழியை இன்னும் பெரிதாகச் செய்து காட்டியது.

இதுவரை பார்த்ததன் சாரம்: பி.ஆர்.டி.யின் வேகம் நிற்கும் நேரத்தைக் குறைப்பதிலிருந்து வருகிறது. தனித்தடம், சிக்னல் முன்னுரிமை, முன்கட்டணம், சமதள ஏற்றம் ஆகியவற்றில் எதை விட்டுக்கொடுத்தாலும் அந்த அளவுக்கு நிமிடங்களும் கைநழுவும். கருத்துக் கேட்புக் கூட்டங்களில் நடக்கும் பேரம் பெரும்பாலும் இந்த நிமிடங்களைப் பற்றியதுதான், பேசுபவர்கள் அதை அப்படிச் சொல்லாவிட்டாலும்.

யூஜீனின் முதல் தடம்

யூஜீனும் பக்கத்து நகரமான ஸ்பிரிங்ஃபீல்டும் ஒட்டிப் பிறந்தவை. இரண்டுக்கும் பேருந்து ஓட்டுவது லேன் போக்குவரத்து மாவட்டம் என்ற பொது அமைப்பு. இரு நகர மையங்களையும் இணைத்து, சுமார் 6.5 கிலோமீட்டர் நீளத்துக்கு எம்எக்ஸ் என்ற பி.ஆர்.டி. சேவையை அது 2007 ஜனவரியில் தொடங்கியது. நடுவில் மடியும் நீண்ட பேருந்துகள், சாலை நடுவிலுள்ள நிலையங்களுக்காக இடதுபுறமும் வாசல்கள் (அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கமாக ஓடும்), சில இடங்களில் சக்கரம் படும் இரு பட்டைகளுக்கு மட்டும் கான்கிரீட் போட்டு இடையில் புல்.

முழு நீளத்துக்கும் தனித்தடம் கிடைக்கவில்லை. இடம் குறுகிய பகுதிகளில் இரு திசைப் பேருந்துகளும் ஒரே தடத்தை மாறி மாறிப் பயன்படுத்தும்படி, ரயில்வேயின் ஒற்றைப் பாதையைப் போல, சிக்னல் வைத்து அமைத்தார்கள். பொறியாளர்களுக்கு இது உவப்பான தீர்வாக இருந்திருக்காது. ஆனால் இடத்துக்கும் நிமிடத்துக்கும் இடையே சமரசம் எப்படி நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

2011 ஜனவரியில் முதல் நீட்டிப்பு வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டின் வடக்கிலுள்ள கேட்வே பகுதிக்கும், அங்கே புதிதாகக் கட்டப்பட்டிருந்த பெரிய மருத்துவமனைக்கும் தடம் போனது. அடுத்து மேற்கு யூஜீன். அங்கேதான் பிரச்சினை வெடித்தது. அதற்குப் போவதற்கு முன், நீட்டிப்பு என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

நீட்டினால் நீள்வது சாலை மட்டும் அல்ல

புதிய நிலையங்களும் புதிய தடமும் கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதது பேருந்துகளின் எண்ணிக்கை. ஒரு பேருந்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய், சற்று நின்று, திரும்பி வர 60 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 நிமிடத்துக்கு ஒன்று ஓட்ட 6 பேருந்துகள் போதும். தடத்தை நீட்டியதும் அந்தச் சுற்று 100 நிமிடமாகிறது. அதே 10 நிமிட இடைவெளியைக் காப்பாற்ற 10 பேருந்துகள் தேவை. கூடுதலான நான்கு பேருந்துகளுக்கும் காலை முதல் இரவு வரை மாறி மாறி ஓட்டுநர்கள், எரிபொருள், பராமரிப்பு. இது ஒரு நாள் செலவு அல்ல, தடம் இருக்கும் வரைக்குமான செலவு.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். கட்டுவதற்கும் வண்டி வாங்குவதற்கும் ஒருமுறை ஆகும் செலவு மூலதனச் செலவு. தினமும் ஓட்டுவதற்கு ஆகும் செலவு இயக்கச் செலவு. அமெரிக்காவில் இத்தகைய திட்டங்களுக்குக் கூட்டாட்சி அரசு தரும் கட்டுமான மானியம் மூலதனத்துக்கு மட்டுமே உரியது. அதை எடுத்து ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. மேற்கு யூஜீன் நீட்டிப்புக்கு ஆன சுமார் 10 கோடி டாலரில் 7.5 கோடி அப்படி வந்த பணம். ஆனால் இயக்கச் செலவின் பெரும்பாரம் உள்ளூர் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களின் ஊதியத்தை ஒட்டிச் செலுத்தும் வரியின் மீது விழுகிறது.

"இத்தனை கோடியை எங்கள் தெருப் பேருந்துக்குக் கொடுத்திருக்கலாமே" என்ற கேள்விக்கு, அந்தக் கோடிகளைக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்பதுதான் பதில். "இதை ஓட்டும் செலவுக்காக எங்கள் தெருப் பேருந்தைக் குறைப்பீர்களா" என்ற கேள்வி வேறு. அது மிகவும் நியாயமான கேள்வி. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் யூஜீனில் பேருந்துச் சேவைகள் குறைக்கப்பட்டிருந்தன. அந்தக் காயம் ஆறுமுன் புதிய தடத்தைப் பற்றிப் பேசினால் மக்கள் ஐயப்படத்தான் செய்வார்கள்.

சுருக்கமாக: நீட்டிப்பு என்பது ஒருமுறை கட்டிமுடிக்கும் வேலையும் நிரந்தரமாகச் சுமக்கும் செலவும் சேர்ந்தது. இரண்டுக்கும் பணம் வரும் வழி வேறு வேறு.

கருத்து என்பது வாக்கு அல்ல

இனி மக்கள் பங்கேற்புக்கு வருவோம். வீடு கட்டுகிறோம். மனையில் கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போடும் அன்று வீட்டிலுள்ள எல்லோரும் வந்து நிற்கிறார்கள். சமையலறைக்கு மேற்கே சன்னல் வைத்தால் மாலை வெயில் நேராக அடுப்படியில் விழும் என்கிறார் அம்மா. பாட்டியால் படி ஏற முடியாது, கழிவறை கீழேயே இருக்கட்டும் என்கிறார் அத்தை. இந்தச் செய்திகள் பொறியாளரிடம் இல்லை, அந்த வீட்டில் வாழப்போகிறவர்களிடம் மட்டுமே இருக்கின்றன. அதே சமயம், தூணுக்கு எத்தனை கம்பி என்பதை யாரும் கைதூக்கச் சொல்லித் தீர்மானிப்பதில்லை. இதே பேச்சைப் பூச்சு வேலை முடிந்த பிறகு பேசினால் சுவரை இடிக்க வேண்டும், அல்லது வாய்மூடி இருக்க வேண்டும்.

பொதுமக்கள் கருத்துக் கேட்பின் உள்ளியக்கம் இதுதான். திட்டமிடுபவரிடம் இல்லாத தகவல், வடிவம் இளகிய நிலையில் இருக்கும்போதே அவரிடம் போய்ச் சேர வேண்டும். ஆகவே எத்தனை பேர் பேசினார்கள் என்பதைவிட எப்போது பேச விட்டார்கள், எதைப் பற்றிப் பேச விட்டார்கள் என்பதுதான் முக்கியம்.

ஒரு நீட்டிப்புத் திட்டம் ஏறக்குறைய இந்த வரிசையில் நகரும். முதலில் தேவை பற்றிய ஆய்வு. பின்பு மாற்று வழிகளின் ஒப்பீடு, அதாவது எந்தெந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று பல கோடுகளை வரைந்து, ஒன்றும் கட்டாமல் விடுவதையும் ஒரு மாற்றாகச் சேர்த்து, எடைபோடுவது. அதிலிருந்து உள்ளூர் மன்றங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு வழி. அதன்மீது சுற்றுச்சூழல் மதிப்பீடு, அதாவது மரம், ஓடை, இரைச்சல், நிலம், பழைய கட்டடங்கள் ஆகியவற்றுக்கு என்ன ஆகும் என்ற எழுத்துப்பூர்வமான ஆய்வு. அதன் பிறகு விரிவான வரைபடம், நிதி, கட்டுமானம். தெருவைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் குடிமகனின் ஒரு வாக்கியம் கிலோமீட்டர் கணக்கில் கோட்டை நகர்த்தும். வரைபடக் கட்டத்தில் அதே வாக்கியம் நிலையத்தைச் சில மீட்டர் நகர்த்தினால் பெரிது. கட்டுமானம் தொடங்கிய பின் கடைவாசலில் எந்த வாரம் குழி தோண்டுவது என்பதை மட்டுமே மாற்ற முடியும்.

பெரும்பாலானவர்கள் எப்போது விழித்துக்கொள்கிறார்கள்? சாலையில் குறியீடு போட ஆட்கள் வரும்போது. இந்த இடைவெளியைக் குறைப்பது அரசு அமைப்பின் பொறுப்பு என்றே நான் கருதுகிறேன். மாற்று வழிகள் மேசைமீது இருக்கும் காலத்தில், கூட்டத்துக்கு வாருங்கள் என்று இணையத்தில் ஓர் அறிவிப்பு போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. பேருந்து நிறுத்தத்துக்கே போய்க் கேட்க வேண்டும்.

மேற்கு யூஜீனில் நடந்தது

மேற்கே போக இரண்டு வழிகள் முக்கியமாகப் பேசப்பட்டன. ஒன்று 13ஆம் அவென்யூ வழி. மற்றொன்று 6ஆம், 7ஆம் அவென்யூக்கள் வழி. இந்த 6ஆம், 7ஆம் அவென்யூக்கள் ஒருவழிச் சாலைகள், மாநில நெடுஞ்சாலையின் பகுதிகள், கார்கள் நிறைந்தவை. இரண்டு வழிகளும் முடிவில் மேற்கு 11ஆம் அவென்யூவில் சேர்ந்தன. அது பெரிய கடைகள் வரிசையாக நிற்கும் அகலமான சாலை.

எதிர்ப்பு அங்கிருந்துதான் பலமாக வந்தது. கட்ட வேண்டாம் என்று எழுதிய பலகைகள் கடைகளின் முன் நட்டுவைக்கப்பட்டன. சாலையை அகலப்படுத்தினால் முன்புறத்தில் ஒரு பட்டை நிலம் போகும், கார் நிறுத்த இடம் குறையும், கார்கள் உள்ளே திரும்பும் வாய் அடைபடும், கட்டுமான மாதங்களில் வியாபாரம் படுக்கும் என்பவை கடைக்காரர்களின் அச்சங்கள். இயக்கச் செலவு பற்றிய ஐயமும் சேர்ந்துகொண்டது. எதிர்ப்பாளர்கள் அமைப்பாகத் திரண்டு கூட்டாட்சி நீதிமன்றம் வரை போனார்கள். அங்கே திட்டம் நிலைத்தது.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. லேன் போக்குவரத்து மாவட்டத்தின் வாரிய உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில ஆளுநர் நியமிக்கிறார். வாக்குப் பெட்டியில் தண்டிக்க முடியாத ஓர் அமைப்பு உங்கள் கடை வாசலைத் தொடுகிறது என்றால், கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றுதான் உங்கள் கையிலிருக்கும் கருவி. அங்கே குரல் உயர்வது இயல்பு.

ஆனால் அந்தக் குரல்கள் திட்டத்தின் வடிவத்தில் பதிந்தன என்பதைப் பார்க்க வேண்டும். 6, 7ஆம் அவென்யூ வழி தேர்வாயிற்று. தனியார் நிலத்தை எடுப்பது குறையும்படி வரைபடங்கள் திருத்தப்பட்டன. முக்கியமாக, பல இடங்களில் முதல் தடத்தில் இருந்தது போன்ற மூடிய தனித்தடம் போடப்படவில்லை. ஓரத்தில் ஒரு தடம், அதில் பேருந்து ஓடும், கடைக்குள் திரும்பவோ அடுத்த சந்திப்பில் வலப்பக்கம் திரும்பவோ வேண்டிய கார்களும் அதில் நுழையலாம். நேராகப் போகும் கார்களுக்கு இடமில்லை. கடைக்காரர் கேட்டது வாசல், பேருந்துக்குத் தேவை நெரிசலில்லாத தடம். இரண்டையும் ஒரே பட்டையில் பொருத்தும் முயற்சி இது. திரும்பும் கார்களின் பின்னால் பேருந்து சில நொடிகள் காத்திருக்க நேரும். முன்பு சொன்ன நிமிடப் பேரம் இங்கே கண்முன் நடந்திருக்கிறது.

இதைச் சரணடைதல் என்று சொல்லும் பொதுப் போக்குவரத்து ஆர்வலர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. வாசல் அடைபடும் என்ற அச்சம் வெறும் முணுமுணுப்பு அல்ல, சரிபார்க்கக்கூடிய தகவல். அதற்கு வடிவத்தில் விடை இருந்தது, விடையைக் கொடுத்தார்கள்.

மரங்கள் விஷயத்தில் யூஜீனின் ஏற்பாடு தனிச்சிறப்பானது. நகரின் பழைய பகுதியில் வயதான சாலையோர மரங்களை, சாலையை அகலப்படுத்துவதற்காக வெட்ட வேண்டுமென்றால் வாக்காளர்களின் ஒப்புதல் வேண்டும் என்று நகரத்தின் அடிப்படைச் சட்டமான நகரச் சாசனமே சொல்கிறது. கருத்துக்கும் வாக்குக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட நன்றாக விளக்க முடியாது. பெரும்பாலான விஷயங்களில் மக்களின் பேச்சு ஆலோசனை. இந்த ஒன்றில் மட்டும் அது அதிகாரம். திட்டமிடுபவர்கள் அந்த மரங்களைத் தொடாமல் கோடு வரைய வேண்டியிருந்தது.

2017 செப்டம்பரில் சேவை தொடங்கியது. தடத்தோடு சேர்ந்து, தெற்கிலுள்ள குடியிருப்புகளிலிருந்து ஓடையைத் தாண்டி 11ஆம் அவென்யூவுக்கு வர நடைபாதைப் பாலங்களும் கட்டப்பட்டன. ஒரு நிலையம் கண்ணுக்கு எதிரே இருந்தும் நடுவில் ஓடை இருந்தால் அது பயணிக்கு இல்லாத நிலையம்தான். நிலைய வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தோன்றாது. அந்தக் கரையில் வாழ்பவருக்கு முதலில் தோன்றுவதே இதுதான்.

இந்தப் பகுதியின் சாரம்: எதிர்ப்பு திட்டத்தை நிறுத்தவில்லை, வடிவத்தை மாற்றியது. சரிபார்க்கக்கூடிய தகவலோடு வந்த எதிர்ப்பே அதிகம் மாற்றியது.

வராதவர்களின் குரல்

கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள். நிலமும் கடையும் உள்ளவர்கள், மாலை 6 மணிக்கு ஓய்வு உள்ளவர்கள், மேடையில் பேசக் கூசாதவர்கள். அந்த நேரத்தில் வேலை முடிந்து பேருந்துக்காகக் காத்திருப்பவர் கூட்டத்துக்கு எப்படி வருவார்? நீட்டிப்பால் எதிர்காலத்தில் பயனடையப்போகிறவருக்கோ தான் பயனடையப்போகிறோம் என்பதே இன்று தெரியாது. இழப்பவர் இழப்பை இன்றே உணர்கிறார், பெறுபவர் பின்னால்தான் உணர்வார். கூட்டத்தில் கேட்கும் சத்தத்தை மட்டும் எடைபோட்டால் தராசு எப்போதும் ஒரு பக்கம்தான் சாயும்.

டெல்லியின் கதை இதற்குச் சாட்சி. அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் தடம் 2008இல் தொடங்கியது. கார் ஓட்டிகளின் எரிச்சல் முதல் நாளிலிருந்தே ஊடகங்களில் ஓங்கி ஒலித்தது. தடத்தை எல்லா வண்டிகளுக்கும் திறந்துவிடக் கோரிய மனுவை டெல்லி உயர் நீதிமன்றம் 2012இல் தள்ளுபடி செய்தது. இருந்தும் 2016இல் அரசே தடத்தைப் பெயர்த்தெடுத்தது. அந்தத் தடத்துக்கு வடிவமைப்புக் குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அதில் பயணம் செய்தவர்களை ஓர் அணியாகத் திரட்டிப் பேசவைக்கும் வேலையை யாரும் சரிவரச் செய்யவில்லை. சாலையில் வண்டிகளை எண்ணினால் பேருந்து சிறுபான்மை. ஆட்களை எண்ணினால் கணக்கு தலைகீழாக மாறும். எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தே நியாயம் மாறுகிறது.

நைஜீரியாவின் லாகோஸ் வேறு விதமாகச் செய்தது. 2008இல் 22 கிலோமீட்டர் தடத்தைத் திறக்கும் முன்பே, அதனால் பிழைப்பு போகுமென்று அஞ்சிய சிற்றுந்து ஓட்டுநர்களின் சங்கத்தோடு பேசி, புதிய பேருந்துகளை இயக்கும் பொறுப்பில் அவர்களையே சேர்த்துக்கொண்டது. 2015இல் தடம் இகொரொடு வரை நீண்டது.

ஒரு கருத்தை எப்படி எழுதுவது

உங்கள் ஊரில் இப்படி ஒரு திட்டம் வந்தால் முதலில் கேட்க வேண்டியது: இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள், எவையெல்லாம் இன்னும் முடிவாகவில்லை? இதற்கு நேரான பதில் வராவிட்டால் அந்தக் கூட்டம் உண்மையான கருத்துக் கேட்பு அல்ல என்று தயங்காமல் சொல்லலாம். அடுத்தது இயக்கச் செலவு: இதை ஓட்டப் பணம் எங்கிருந்து வரும், எந்தப் பேருந்தின் நேரம் குறையும்? மூன்றாவது, மாற்று வழிகளை எந்த அளவுகோலால் ஒப்பிட்டீர்கள், வண்டிகளையா ஆட்களையா எண்ணினீர்கள்?

எழுதித் தருவதாக இருந்தால் இடத்தையும் நேரத்தையும் குறிப்பிடுங்கள். "இந்த நிலையம் எங்களுக்கு வசதியில்லை" என்ற வரியை வைத்துக்கொண்டு ஒரு பொறியாளரால் ஒன்றும் செய்ய முடியாது. "பள்ளி விடும் 4 மணிக்கு இந்தச் சந்திப்பின் கிழக்குப் பக்கத்திலிருந்து மாணவர்கள் சாலையைக் கடக்கிறார்கள், நிலைய வாசல் மேற்கே இருக்கிறது, பாதசாரி சிக்னல் இல்லை" என்று எழுதினால் அவர் வரைபடத்தை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். வந்த கருத்துகளையும் அவற்றுக்கான பதில்களையும் மதிப்பீட்டு ஆவணத்தோடு சேர்த்து வெளியிடுவது நல்ல நடைமுறை. அது வெளியானதும் உங்கள் வரியைத் தேடிப் பாருங்கள். பதில் இல்லாவிட்டாலோ, பதில் கேள்வியைத் தொடாமல் விலகியிருந்தாலோ, அந்தப் பக்க எண்ணைக் குறிப்பிட்டு நகரமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். ஒப்புதலுக்கான வாக்கெடுப்பு நடக்கும் முன் அந்தக் கடிதம் அவர் கையில் இருக்க வேண்டும்.